கழுத்து வரை ஊற்றிய ஆறு பாட்டில்கள்

இந்த ஊரில் பெட்ரோல் பங்க்கில் ஆள் கிடையாது. வண்டியை நிறுத்தி, நாமே இறங்கி, நாமே குழாயை எடுத்து ஊற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் கடையில் போய்ப் பணம் கட்ட வேண்டும். இங்கிலாந்துக்கு வந்த முதல் வாரம் என் கணவர் பெட்ரோல் போட இறங்கியபோது நானும் கூடவே இறங்கி, குழாய்ப் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டேன். அவர் குழாயைச் செருகியதும் என் வாய் தன்னால், “ஜீரோ பாத்துக்கோங்க” என்றது. அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏ பாக்கியம், ஊத்துததும் நான்தான், ரூவா குடுக்கதும் நான்தான். இதுல யாரு யாரை ஏமாத்தப் போறா?” என்றார். பக்கத்துக் குழாயில் நின்ற வெள்ளைக்காரர் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து மரியாதையாக வானத்தைப் பார்த்தார். நான் “சாரி” என்று அவரிடம் சொன்னேன். இந்த நாட்டில் நான் ஒரு அந்நியரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதன்பிறகு பெரும்பாலும் அதே வார்த்தையைத்தான் பேசிவருகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் ரோட்டில் ஒரு பங்க்கில் பதினோரு வருடம் பெட்ரோல் ஊற்றியவள் நான். பத்தாவது முடித்திருந்தேன். நாலு பேர் முன்னால் நின்று பேச வராது என்பதால் துணிக்கடை வேலை சரிப்படவில்லை. பங்க்கில் ஒரு வசதி, “ஜீரோ பாத்துக்கோங்க” என்ற ஒன்றைச் சொன்னால் போதும். மிச்சத்தை மெஷின் பேசிக்கொள்ளும். ஆனால் வயலுக்கு மருந்தடிக்கும் மெஷினுக்காகப் பாட்டிலோடு வருகிறவர்களிடம்தான் பாடு. பாட்டிலில் ஊற்றக் கூடாது என்று பெரிய போர்டு இருந்தது. அந்தப் போர்டின் நிழலில் நின்றுதான் ஊற்றுவோம். மெஷின் ஒரு லிட்டர் என்று காட்டும். வந்தவர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, கழுத்துக்குக் கீழே தெரியும் காலி இடத்தையே பார்ப்பார். “குறையுதே தாயி” என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒருநாள் இதைப் பார்த்த முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, மெஷின் சரியாத்தான் சொல்லுது. ஆனா பாட்டில்ல எடம் தெரிஞ்சா அவன் மெஷினையா பாப்பான்? எடத்தைத்தான் பாப்பான். இன்னும் ரெண்டு சொட்டு விட்டு, கழுத்து வரை நெறைச்சிக் குடு. நம்ம பங்க்குல குறைவா ஊத்துதான்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாது” என்றார். அன்றிலிருந்து கழுத்து வரைதான். பதினோரு வருடத்தில் என் கை அதற்கு மட்டும் நன்றாகப் பழகியது. வேறு எதற்கும் பழகவில்லை என்று என் சமையலைச் சாப்பிட்ட என் கணவர் சொல்வார். அவர் சமையல்காரர், சொல்லலாம்.

அவருடைய அந்தச் சமையல்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. இங்கிலாந்தின் நடுவே ஒரு சின்ன ஊரில் தோசைக்கடை வைத்திருந்தவர் அவருக்கு விசா எடுத்துக் கொடுத்தார். நான் ஒட்டிக்கொண்டு வந்தேன். பெட்ரோல் வாடையை விட்டுக் கடல் தாண்டி வந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தபோது, ஒரு கட்டடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் அதே வாடை, எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது போல. அது ரேஸ் கார்களுக்கு எரிபொருள் கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூடம். நான் அங்கே பாட்டில் கழுவுகிறேன் என்று என் நாத்தனாருக்குப் போனில் சொன்னேன். அவர் பாட்டிலை விட்டுவிட்டு ரேஸ் காரை மட்டும் எடுத்துக்கொண்டார். இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு தெரு முழுக்க நான் ரேஸ் கார் ஓட்டுவதாக நம்புகிறது. எனக்குச் சைக்கிளே இடது பக்கம் மட்டும்தான் திரும்பும்.

ரேஸ் கார் எஞ்சின் என்றால் லாரி எஞ்சினைவிடப் பெரிதாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒன்று புள்ளி ஆறு லிட்டர்தான், நம் ஊரில் வாடகைக்கு ஓடுகிற கார்களின் அளவு. ஆனால் அதிலிருந்து வருகிற சக்திக்கு நம் ஊர்க் கார்கள் பத்தை ஒன்றாகக் கட்டினாலும் காணாது. இதை எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் ரூத். முப்பத்தைந்து வயதிருக்கும் வேதியியல்காரர். பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவர்களில் இரண்டு ரூத் உண்டு என்பதால் இவரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச வந்தது. அவரும் என் பெயரைச் சரியாகச் சொல்ல இரண்டு வாரம் பழகினார். எஞ்சினுக்கு மணிக்கு இவ்வளவுதான் எரிபொருள் தரலாம் என்று விதி இருக்கிறதாம். அதனால் கூட ஊற்றி வேகம் எடுக்க முடியாது. ஊற்றுகிற சொட்டு வேகமாகவும் மிச்சமில்லாமலும் எரிய வேண்டும். அதே சமயம், பொறி வருவதற்கு முன் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டிவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கலவையைப் பிடித்துவிட்டால் ஒரு சுற்றில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் பளபளத்தது. நானும் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினேன். அரைமணி நேரம் தாமதமாக வரும் திருநெல்வேலி பஸ்ஸை ‘கரெக்டா வந்துட்டான்’ என்று சொல்லி வளர்ந்தவள் நான்.

இப்போது விதி இன்னும் மாறிவிட்டது. சக்தியில் ஏறக்குறைய பாதி பாட்டரியிலிருந்து வருகிறது. எஞ்சினில் எரிகிற மீதிக்கும் பூமியிலிருந்து தோண்டிய எண்ணெய் கூடாது. வயல் கழிவு, குப்பை, காற்றிலிருந்து பிடித்த கரியமில வாயு, இப்படி எதிலிருந்தாவது செய்ய வேண்டும். ரூத்தின் கலவையில் வைக்கோலும் உண்டு. இதைப் போனில் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“வைக்கோல்லயா?”

“ஆமா அண்ணாச்சி.”

“ஏட்டி, மாடு திங்கதைக் கார் திங்குதுங்கியா? நாங்க இங்கன பெட்ரோல்ல எத்தனால் கலக்கான்னு வண்டிக்காரன்ட்ட தெனம் ஏச்சு வாங்குதோம். அங்கன வெள்ளைக்காரன் முழுசா வைக்கோல்லயே ஓட்டுதான், அவனை ஒருத்தனும் ஏசலியா?”

“அவங்களே கண்டுபிடிச்சு அவங்களே ஊத்திக்கிடுதாங்க அண்ணாச்சி.”

“அப்பச் சரி” என்று வைத்துவிட்டார்.

ஒவ்வொரு கலவைக்கும் ஒரு கைரேகை உண்டு. ஒரு சொட்டை எடுத்து நீளமான மெல்லிய குழாய்க்குள் அனுப்புவார்கள். அதில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தனித்தனி நேரத்தில் வெளியே வந்து, திரையில் ஒரு கூர்மையான மேடாக விழும். லேசான பொருள்கள் முதலில், இடது பக்கம். கனமானவை பின்னால். முழுப் படத்தையும் முதன்முதலில் பார்த்தபோது, அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் மேற்கே தெரிகிற மலைவரிசையை யாரோ கோடாக இழுத்ததுபோல இருந்தது. ரூத்திடம் சொன்னேன், “மை டவுன்.” அவர் ரொம்ப மரியாதையாகப் படத்தையும் என்னையும் பார்த்துத் தலையாட்டினார். எங்கள் ஊரில் எண்ணெய்க் கிணறு இருப்பதாகப் புரிந்துகொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது. பந்தய அதிகாரிகளிடம் இந்த மலைப்படத்தை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். பந்தயத்தில் எந்த நேரமும் காரிலிருந்து சொட்டு எடுத்துப் பார்ப்பார்கள். படம் மாறியிருந்தால் முதலாவதாக வந்தாலும் அந்தக் கார் வந்ததாகக் கணக்கில்லை.

இரண்டு வருடம் பாட்டில் கழுவியபிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. மாதிரி பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட, மேற்பார்வையாளர் கிரஹாம் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். அதில் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே ஒரு வெள்ளைக் கோடு. கோடு வரை ஊற்ற வேண்டும் என்று அரைமணி நேரத்தில் சொல்லிக் கொடுத்தார். நானும் தலையாட்டினேன். அவர் பக்கத்தில் நின்ற நாள்களில் கோடு வரைதான் ஊற்றினேன்.

தனியாக நின்ற முதல் நாள், ரூத்தின் புதுக் கலவை வந்தது. அவர் இரண்டு வருடமாகப் பாடுபட்டது. ஆறு பாட்டில்கள், பந்தயம் நடக்கிற ஒரு பாலைவன நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே கார் ஓட்டும் குழுவின் ஆள்கள் சோதித்து, பதிந்த படத்தோடு ஒத்துப்போனால் காரில் ஊற்றுவார்கள். கோடு வரை ஊற்றி, முதல் பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். இரண்டு விரல் காலி இடம். எனக்கு மனசே ஆகவில்லை. இவ்வளவு பெரிய இடத்துக்குப் போகிற பாட்டில். அங்கே யாராவது தூக்கிப் பார்த்து, ரூத் குறைவாக அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டால்? வெள்ளைக்காரர்கள் சிக்கனத்துக்காகக் கோட்டைக் கீழே போட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டினேன். ஆறு பாட்டிலையும் கழுத்து வரை நிறைத்து, மூடியை இறுக்கித் திருகி, பெருமையோடு பெட்டியில் வைத்தேன். வெயிலில் பெட்ரோல் பெருகும் என்பது எனக்குத் தெரியாததா? அதற்காகத்தானே அண்ணாச்சி விடியற்காலையில் தொட்டி அளவு எடுக்கச் சொல்வார். ஆனால் இந்தக் குளிரில் என் மூளையும் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. பாட்டில் போகிற ஊரில் வெயில் அடிக்கும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் செய்தி வந்தது. ஆறு பாட்டிலும் கைரேகையோடு ஒத்துப்போகவில்லை. குழு பழைய கலவையையே ஊற்றிக்கொள்ளும். ரூத்தின் கலவை வைத்திருந்து பார்த்தால் நிலையாக நிற்கவில்லை என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பத்து நாளுக்குள் காரணம் தெரியாவிட்டால் இந்த வருடம் அதை ஒதுக்கிவிடுவார்கள். அன்று மதியம் ரூத் சாப்பிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைத் துடைப்பதுபோலப் பின்னால் போய்ப் பார்த்தேன். என் ஊர் மலைவரிசையில் வலது பக்கம் எல்லாம் அப்படியே இருந்தது. இடது பக்கத்துக் குன்றுகள் மட்டும் கரைந்துபோயிருந்தன. லேசான பொருள்கள் எங்கேயோ பறந்துவிட்டன. கழுவும் வேலைக்கு இன்னும் வேறு ஆள் வராததால், திரும்பி வந்த ஆறு பாட்டில்களும் என்னிடமே வந்தன. பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் வாடை மூக்கில் ஏறியது. மூடியைத் தொட்டேன், தளர்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றி வழிந்து காய்ந்த தடம். பெருக இடமில்லாமல் பெட்ரோல் மூடியை நெம்பியிருக்கிறது. அந்த வழியாக லேசானதெல்லாம் போய்விட்டது. கையுறை போட்ட கையோடு தொட்டியருகே போனேன். பிறகு, பழக்க தோஷம், ஆறையும் கழுவி வைத்துவிட்டேன். குற்றத்தை மறைக்க அல்ல. கழுவ வேண்டியது கையில் இருந்தது, கழுவினேன். அதனால் சாட்சியும் போயிற்று.

மறுநாள் கிரஹாமிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். நடைபாதையில் அவரை நிறுத்தி, “சாரி, கிரஹாம்” என்றேன். அவர், “நோ, நோ, சாரி” என்று சுவரோடு ஒட்டி எனக்கு வழிவிட்டார். வேறு வழியில்லாமல் நான் நடந்து போய்விட்டேன். சாயங்காலம் மறுபடி முயன்றேன். “சாரி” என்றதும் அவர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். வெளியே போக வேண்டியதாகிவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை காரணமில்லாமல் மன்னிப்புக் கேட்டுவந்தவளுக்கு, காரணத்தோடு கேட்க வேண்டிய நாளில் அந்த வார்த்தை செல்லாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, “நீங்கதான அண்ணாச்சி கழுத்து வரை ஊத்தச் சொன்னீங்க” என்று கடைசியில் லேசாகக் குற்றத்தில் அவருக்கும் பங்கு கொடுத்துப் பார்த்தேன்.

“கூறு கெட்டவளே, நம்ம பங்க்குல வாங்குனவன் அடுத்த அரைமணி நேரத்துல வயல்ல மெஷின்ல ஊத்திருவான். நீ அதைப் ப்ளேன்ல ஏத்தி அனுப்பியிருக்க. அடைச்சு அனுப்புததுக்கு எடம் விடணும்லா?”

“இப்ப என்ன செய்ய?”

“வாயத் தொறந்து சொல்லு.”

“வாய் வர மாட்டேங்கு அண்ணாச்சி.”

“பதினோரு வருசமா எனக்கும் அதான் தெரியுமே” என்றார். பிறகு, “அந்தப் பிள்ளையோட பேரு கெடுதுல்லா. அதை யோசி” என்று வைத்துவிட்டார். வேலை போனால் என்ன செய்வது என்றுதான் நான் அதுவரை யோசித்திருந்தேன். அவர் சொன்னது அன்று முழுக்க மண்டையில் கிடந்து உறுத்தியது.

கிரஹாம் ஒரு ஏற்பாடு செய்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்வது. கழுவுவது, கலப்பது, நிரப்புவது, மூடுவது, அவரவர் வேலையை அவரவர் ரூத்துக்கும் அவருக்கும் முன்னால் செய்து காட்ட வேண்டும். கையில் அட்டை வைத்துக் குறித்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. கோடு வரை ஊற்றினால் போதும், நான் தப்பித்துவிடுவேன். புது மாதிரியும் சரியாக இருக்கும். ஆனால் முதல் ஆறும் ஏன் கெட்டன என்ற கேள்விக்கு, ரூத்தின் கலவை நிலையில்லாதது என்ற ஒரே பதில்தான் மிஞ்சும். பாட்டிலை வைத்து ஊற்ற ஆரம்பித்தேன். கோடு வந்தது. கிரஹாம் குறிப்பதற்குப் பேனாவை எடுத்தார். நான் நிறுத்தவில்லை. “ஸ்டாப், ஸ்டாப்” என்றார். கழுத்து வரை நிறைத்தேன். இரண்டு சொட்டு வெளியே விழுந்தது. மூடியை இறுக்கித் திருகி மேசையில் வைத்துவிட்டு இருவர் முகத்தையும் பார்த்தேன். ஏதாவது பேச வேண்டும். வாயில் வந்தது, “ஜீரோ பாத்துக்கோங்க.”

அவர்கள் இருவரும் பாட்டிலைப் பார்த்தார்கள். நான் மூச்சை இழுத்துப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னேன், “சிக்ஸ் பாட்டில். சேம். மீ.” ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இதைவிடத் தெளிவாக எனக்கு வந்திருக்காது.

ரூத் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், நம் ஊர்க்காரர்கள் பிடிப்பது போலவே. அவர் தேடியது இல்லாத அந்தக் காலி இடத்தை. பிறகு பாட்டிலை வைத்துவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று புரிந்தது. கையை எடுத்தபோது கண்ணில் நீரும் இருந்தது. “ஏன் பாக்கியம்?” என்றார். எனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கி, எங்கள் ஊரில் பாட்டில் குறைந்து தெரிந்தால் கொடுத்தவருக்குத்தான் கெட்ட பேர் என்றும், உங்களுக்கு அது வரக் கூடாது என்றும் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கிரஹாம் மட்டும் அட்டையில் ரொம்ப நேரம் எழுதினார்.

புது ஆறு பாட்டில்கள், கோடு வரை மட்டும் ஊற்றி, போயின. மலை முழுசாக வந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் மூன்று மாதம் பழையபடி பாட்டில் கழுவும் வேலையும் வந்தன. கடிதத்தை என் கணவர் படித்து விளக்கினார். “இங்கிலீஷ்ல எவ்வளவு மரியாதையா ஏசுதான் பாரு. ஏசி முடிச்சிட்டு, கடைசில அன்புடன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கான்.” நிரப்பும் மேசைக்கு மேலே இப்போது ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பாட்டில், கோடு, கழுத்து வரை நிறைந்த இன்னொரு பாட்டிலின்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. என் பெயர் இல்லை. ஆனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ரூத்தின் கலவை ஊற்றிய காரைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பதினோராவதாக வந்தது. பத்தாவது வரை வருகிறவர்களுக்குத்தான் புள்ளி. “நீ இன்னும் ரெண்டு சொட்டு கூட ஊத்தியிருக்கணும்ட்டி” என்றார் என் கணவர்.

இந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கிளம்புகிற அன்று நாத்தனார் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை எனக்காக ஒரு பாட்டிலில் ஊற்றினார். கழுத்து வரை. நான் அதை வாங்கி, பைய இரண்டு விரல் அளவு கிண்ணத்தில் சாய்க்கப் போனேன். அவர் முகம் மாறிவிட்டது. “என்ன பாக்கியம், எங்க வீட்டு எண்ணெய் உனக்குக் கூடிப் போச்சோ? நெறக்க ஊத்திக் குடுத்தா குறைக்கியே” என்றார். “அதுக்கில்ல மதினி” என்று ஆரம்பித்தேன். பெருகும், மூடியை நெம்பும், ஒரு தடவை பட்டிருக்கிறேன் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். எல்லாம் தமிழில்தான், என் சொந்த மொழியில். வாய் வரவில்லை. மூடியை இறுக்கித் திருகி, இரண்டு உறை போட்டு, துணிகளுக்கு நடுவில் வைத்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது ரூத் கழுவும் அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். அவர் மூக்குக்குத் தப்பி எதுவும் போக முடியாது. துவைத்தும் நல்லெண்ணெய் வாடை போகாத என் ஸ்வெட்டரைக் காட்டினேன். எண்ணெய், பாட்டில், ஊர், ப்ளேன் என்று சொல்லி, இரண்டு விரலைக் கழுத்தருகே பிடித்து, இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் விரலையும் ஸ்வெட்டரையும் பார்த்தார். “உனக்குத்தான் தெரியுமே, ஏன் சொல்லவில்லை?” என்றார். கணவருடைய அக்கா என்று ஆரம்பித்து, அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “சாரி” என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டிலைத் துடைத்து, சமையலறை ஜன்னலில் வைத்தேன். வெளிச்சம் பட்டபோதுதான் கவனித்தேன். எண்ணெய் கழுத்துக்குச் சரியாக இரண்டு விரல் கீழே நின்றது. ஊரில் நான் கேட்டு வாங்க முடியாத அந்த இடத்தை, வழியில் எங்கேயோ அது தானாகவே விட்டு வைத்திருந்தது.